இரண்டாம் மேசையின் கைகள்

கிட்ட வாருங்கள் கண்ணுகளா. விளக்குப் பக்கமாக நகர்ந்து உட்காருங்கள், பின்னால் இருப்பவர்களுக்கும் கேட்க வேண்டும். இன்றைக்கு நான் சொல்லப்போகும் கதையில் பிணம் கிடையாது, துப்பாக்கி கிடையாது. ரத்தம் ஒரே ஒரு சொட்டு உண்டு, அதுவும் கொசு குடித்தது. ஆனாலும் இது கொலைக் கதைதான். ஒரு பெரிய அரங்கத்தில், அத்தனை பேர் உட்கார்ந்திருக்கும்போதே, ஒரு கைதட்டலை யாரோ கொன்றுவிட்டார்கள். அந்த ஆளைப் பிடிக்கப் போன அண்ணியின் கதை இது.

அண்ணி முன்பு காப்பீட்டு நிறுவனத்தில் இருந்தவள். எரியாத கடையை எரிந்தது என்று எழுதிக்கொடுப்பவர்களை மோப்பம் பிடிப்பது அவள் வேலை. அது அலுத்துப்போய், தையல் கடைக்கு மேலே ஓர் அறை பிடித்து, சொந்தமாகத் துப்பறியத் தொடங்கினாள். உதவிக்கு அவளுடைய நாத்தனார், அதாவது புருஷனின் தங்கை. கல்யாணமாகி வந்த புதிதிலேயே இருவரும் போடவேண்டிய சண்டையையெல்லாம் மொத்தமாகப் போட்டு முடித்துவிட்டார்கள். அதனால் பிற்காலத்தில் நிறைய நேரம் மிச்சமானது.

அன்று காலை அந்த அறைக்கு ஒரு பாடகி வந்தாள். இளம்பெண். தூங்காத கண்கள்.

"என்ன காணாம போச்சு?" என்று கேட்டாள் அண்ணி.

"கைதட்டு."

நாத்தனார் டீயை உதட்டருகே நிறுத்தினாள். "கடைசியா அதை எங்க வெச்சீங்க?"

"நீ சும்மா இரு. நீங்க சொல்லுங்கம்மா."

ஊரிலேயே பழமையான இசையரங்கத்தில், மதுக்கூடத்தோடு சேர்ந்த அந்தப் பெரிய கூடத்தில், பாடகிக்குப் பாட வாய்ப்புக் கிடைத்திருந்தது. முந்தாநாள் முதல் முறை மேடை ஏறினாள். ஒவ்வொரு பாட்டுக்கும் கைதட்டல் கூரையைப் பிய்த்தது. கடைசியாக, தானே எழுதிய பாட்டை அன்றுதான் முதன்முதலாக வெளியே பாடினாள். முடித்தாள். ஒருவர்கூடக் கை தட்டவில்லை.

"இருமல்கூட இல்லை. நான் நின்னேன். எல்லாரும் சிலை மாதிரி உக்காந்திருந்தாங்க. அதுக்கு மேல தாங்காம உள்ள போயிட்டேன்."

"முதலாளி என்ன சொன்னாரு?"

"'எங்க ரசிகர்களோட மௌனம்தான் தீர்ப்பு'ன்னாரு. இன்னைக்கு ஒரு தடவை பாடலாம். இன்னைக்கும் இதே கதைன்னா, நாளைக்கு வர வேண்டாம்."

"இதுக்கு முன்னாடி என்ன பண்ணிட்டிருந்தீங்க?"

"போன் கம்பெனியில குரல் கொடுத்தேன். 'தயவுசெய்து காத்திருக்கவும், உங்கள் அழைப்பு எங்களுக்கு முக்கியம்'னு வருமில்ல, அது."

நாத்தனார் டீயைக் கீழேயே வைத்துவிட்டாள். "அது நீங்களா? தாயே, உங்களை நான் திட்டாத திட்டு கிடையாது."

"அங்க திரும்பக் கூப்பிடறாங்க. நாளைக்குக் காலையில பதில் சொல்லணும்." பாடகி அண்ணியைப் பார்த்தாள். "நான் மோசமாப் பாடியிருந்தா சொல்லிடுங்க, போயிடறேன். ஆனா எனக்கு நல்லாப் பாடின மாதிரிதான் இருந்துச்சு. அதுதான் பயமா இருக்கு. என் காதையே நான் நம்ப முடியலைன்னா இனிமே எப்படிப் பாடறது?"

அண்ணி நாற்காலியிலிருந்து எழுந்தாள். "சாயங்காலம் நாங்க வர்றோம்."

அந்த அரங்கத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும் கண்ணுகளா. வாசலில் பித்தளைத் தகடு, அதில் கட்டடத்தின் வயது. வயதைப் பலகையில் எழுதி மாட்டிக்கொண்டு பெருமைப்படுவது கட்டடங்கள் மட்டும்தான். உள்ளே நுழைந்தால் சுவர் முழுக்க மறைந்த பாடகர்களின் படங்கள். உயிரோடு இருந்தபோது அவர்களைப் பின்வாசல் வழியாகத்தான் உள்ளே விட்டார்கள். செத்த பிறகு முன்வாசலில் மாட்டினார்கள்.

மதுக்கூடம் கூடத்தின் ஒரு பக்கம் முழுவதும் நீண்டிருந்தது. அங்கே மதுவைக் குடிப்பதற்கு முன் அதைப் பற்றிப் பேச வேண்டும் என்பது விதி. கண்ணாடி மூடிக்குள் புகையை அடைத்துக் கொண்டுவந்து வைத்தார்கள். மூடியைத் திறந்து, புகை போகும்வரை காத்திருந்து, அது போனதற்காக மெச்சினார்கள்.

"அண்ணி, அந்தப் பட்டுக் கழுத்துத்துணி ஆளைப் பாருங்க. கிளாஸுக்குள்ள மூக்கை விட்டுட்டு 'மழையில நனைஞ்ச தோல் வாசனை'ன்னு சொல்றான். சுத்தி இருக்கறவங்க தலையாட்டறாங்க. நம்ம வீட்டு வாசல்ல மழைக்காலத்துல செருப்பு இருக்கே, அதுக்கு நாம டிக்கெட் போட்டிருக்கலாம்."

"மெதுவாப் பேசு."

"மெதுவாத்தான் பேசறேன். சத்தமாப் பேசினா என்னையும் ரசனைக்காரின்னு நினைச்சிடுவாங்க."

தூணுக்குப் பின்னால் மலிவான மேசை கிடைத்தது. மேடையில் பியானோக்காரர் வாசிக்கத் தொடங்கினார். விரல்களில் குறை இல்லை. ஆனால் மாவு சலிப்பவரைப்போல ஒரே சீராக வாசித்தார். பாதியில் ஓர் இடத்தில் நிறுத்தி, மூச்சு விட்டு, கண்ணை மூடினார்.

அந்த நேரம் பார்த்து ஒரு கொசு நாத்தனாரின் மூக்குக்கு முன்னால் வந்து ஆடியது. அவள் இரண்டு கையாலும் பட்டென்று அடித்தாள்.

பக்கத்து மேசைக்காரர் உடனே கை தட்டினார். அவரைப் பார்த்து அவர் மனைவி. அவர்களைப் பார்த்து அடுத்த மேசை. கைதட்டல் கூடத்தின் பாதிவரை ஓடியது. ஓடி, திடீரென்று நின்றது. தட்டியவர்கள் எல்லோருடைய தலையும் ஒரே பக்கம் திரும்பியதை அண்ணி கவனித்தாள். முன்வரிசையில், மேடைக்கு நேராக, இரண்டாம் மேசை. அங்கே கறுப்பு அங்கி போட்ட வயதான ஒருவர் தனியாக உட்கார்ந்திருந்தார். அவர் கைகள் மேசைமேல் அசையாமல் கிடந்தன. தட்டியவர்கள் தங்கள் கைகளை, திருடிய பொருளை ஒளிப்பதுபோல, மடியில் ஒளித்தார்கள். பியானோக்காரர் எழுந்து பாதி குனிந்துவிட்டு, ஒன்றும் புரியாமல் மறுபடியும் உட்கார்ந்து வாசித்தார்.

"நான் கொசு அடிச்சதுக்கு அந்த ஆளு எழுந்து கும்பிடறாரே அண்ணி," என்றாள் நாத்தனார் உள்ளங்கையைத் துடைத்துக்கொண்டு.

"பேசாதே. பாரு."

வாசிப்பு முடிந்தது. மேடையின் நீல விளக்கு மெல்லத் தணிந்தது. இரண்டாம் மேசைக் கிழவர் கைகளைத் தூக்கி இரண்டு தட்டுத் தட்டினார். கூடம் முழுவதும் அடைமழைபோலக் கொட்டியது.

"அவ்வளவுதான்," என்றாள் அண்ணி. "இங்க இத்தனை பேரு இருக்காங்க. கை மட்டும் ஒரே ஒருத்தருக்குத்தான் இருக்கு."

இடைவேளையில் இருவரும் மதுக்கூடத்துக்குப் போனார்கள். மெல்லிய மீசை வைத்த மேனேஜர் ஒரு கண்ணாடிக் கோப்பையை, அதில் ஏதோ தகவல் எழுதியிருப்பதுபோல, விளக்கில் பிடித்துப் பார்த்துத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எலுமிச்சை ஜூஸ் ரெண்டு," என்றாள் அண்ணி.

"அந்தப் பேர்ல எங்ககிட்ட எதுவும் இல்லையே மேடம். 'வெண்பனி எலுமிச்சைக் கனவு' இருக்கு."

"அதுல என்ன இருக்கும்?" என்றாள் நாத்தனார்.

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "எலுமிச்சை ஜூஸ்."

"கனவைக் கொஞ்சம் சர்க்கரை தூக்கலாப் போடுங்க."

அண்ணி கோப்பையை வாங்கிக்கொண்டு, போகிற போக்கில் கேட்பதுபோலக் கேட்டாள். "இரண்டாம் மேசைப் பெரியவர் நல்லாக் கை தட்டறாரு. எத்தனை நாளா தட்டறாரு?"

மேனேஜரின் துணி நின்றது. சுற்றிலும் பார்த்தார். "கண்டுபிடிச்சிட்டீங்களா? சத்தம் போடாதீங்க. பழைய முதலாளி ஏற்பாடு. இவங்களுக்குப் பாட்டு எங்க முடியுதுன்னு தெரியாது. தப்பான இடத்துல தட்டிட்டா மானம் போயிடும்னு யாருமே தட்ட மாட்டாங்க. தட்டலைன்னா கலகலப்பு இல்லை. கலகலப்பு இல்லைன்னா அடுத்த கிளாஸ் கேக்க மாட்டாங்க. அதனால அவரை உக்கார வெச்சாரு. சிக்னல் பாத்து வேலை செஞ்ச ரயில்வே ஆளு. விளக்கு இறங்கினாத் தட்டுவாரு. அவரு தட்டினா ஊரே தட்டும்."

"இப்ப இருக்கற முதலாளிக்குத் தெரியுமா?"

"பழைய முதலாளியோட மருமகன்ங்க அவரு. தெரியாது. தன்னோட ரசிகர்களை ரொம்ப மதிக்கறவரு. அந்த நம்பிக்கையை ஏன் கெடுப்பானேன்?"

"முந்தாநாள் கடைசிப் பாட்டப்ப வியாபாரம் எப்படி?"

"ஞாபகப்படுத்தாதீங்க. ஒரு பயல் கிளாஸைத் தொடல. கையில பிடிச்சபடியே உக்காந்துட்டாங்க. ஐஸ் பூராக் கரைஞ்சு எல்லாம் தண்ணியாப் போச்சு. அப்புறம் என்கிட்ட வந்து ருசி இல்லைன்னு சண்டை."

நாத்தனார் அண்ணியின் முழங்கையை இடித்தாள். மதுக்கூடத்தின் ஓரத்துக்கு இழுத்துப் போய், "ஆளு கிடைச்சாச்சு. வியாபாரம் படுத்துடுச்சுன்னு இந்த மீசைதான் கிழவரைத் தட்டாதேன்னு சொல்லியிருக்கான்," என்றாள்.

"அந்தப் பாட்டை அவ அன்னைக்குத்தான் முதல் முதலாப் பாடினா. ஐஸ் கரையப் போகுதுன்னு மீசைக்கு எப்படி முன்கூட்டியே தெரியும்?"

நாத்தனார் யோசித்தாள். "சே. நல்ல குற்றவாளி மாதிரி இருந்தான்."

"ஆனா ஐஸ் ஒரு விஷயம் சொல்லுது. குடிக்க வந்தவன் குடிக்க மறந்திருக்கான்." அண்ணி திரும்பி வந்து மேனேஜரிடம் கேட்டாள். "பெரியவரும் அன்னைக்குக் குடிக்கலையா?"

"அவரு வேற கொட்டி வெச்சுட்டாரு மேடம். மடியில விரிக்கற வெள்ளைத் துண்டு, பிழியற அளவுக்கு ஈரம்."

"மேசை விரிப்பை மாத்தினீங்களா?"

"எதுக்கு? அது காஞ்சுதான் இருந்துச்சு."

"கிளாஸ்?"

"விளிம்பு வரைக்கும் அப்படியே இருந்துச்சு. நல்ல சரக்கு, சிங்க்ல ஊத்தினோம்."

சொல்லி முடித்தபிறகு மேனேஜருக்கே எங்கோ இடித்தது. மறுபடியும் கோப்பையை விளக்கில் பிடித்துப் பார்த்தார். அதற்குள் அண்ணி நகர்ந்துவிட்டாள்.

"கிளாஸ் நிறைஞ்சிருக்கு, விரிப்பு காஞ்சிருக்கு, துண்டு மட்டும் நனைஞ்சிருக்கு. எப்படி?" என்றாள் போகிற வழியில்.

"ஜலதோஷமா இருக்கும்."

"வா, நேர்லயே கேப்போம்."

இரண்டாம் மேசைப் பெரியவர் எழுந்து வணக்கம் சொன்னார். கல்லில் வெட்டியதுபோன்ற முகம். நாத்தனார் உட்காருவதற்குள்ளேயே ஆரம்பித்துவிட்டாள்.

"அந்தப் பொண்ணு பொழப்புல மண்ணைப் போட யாருகிட்ட வாங்கினீங்க பெரியவரே?"

"அவரு யாருகிட்டயும் வாங்கல," என்றாள் அண்ணி. "அழுதிருக்காரு."

பெரியவர் மேசைமேலிருந்த வெள்ளைத் துண்டைச் சட்டென்று மடிக்கு இறக்கினார். 

"நான் பாட்டு கேக்கறதில்லைம்மா," என்றார் பிறகு. "கேட்டா வேலை கெட்டுடும். மேல இருக்கற சரவிளக்குல எத்தனை பல்பு எரியலைன்னு எண்ணிட்டிருப்பேன். நீலம் இறங்கினா தட்டுவேன். எத்தனையோ வருஷமா அப்படித்தான். அன்னைக்கு எண்ணிட்டே இருந்தேன். அந்தப் பொண்ணு, ராத்திரி வேலைக்குப் போனவனுக்குச் சாப்பாட்டை மூடி வெச்சிட்டு, தூங்கற மாதிரி படுத்திருக்கற ஒருத்தியைப் பத்திப் பாடினா. நான் ராத்திரி வேலை பாத்தவன். வீட்டுக்கு வந்தா மேசையில தட்டு மூடியிருக்கும். அவ தூங்கிட்டிருப்பா. தூங்கறான்னுதான் நினைச்சேன் அத்தனை வருஷமும்." துண்டை மடித்தார், மறுபடியும் விரித்தார். "நீலம் எப்ப இறங்குச்சுன்னே தெரியலை. நிமிந்து பாத்தேன், மேடையில ஆளு இல்லை."

 நாத்தனார் தன் எலுமிச்சைக் கனவை அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"இன்னைக்கு விட மாட்டேன்மா. பல்பை எண்ணிட்டு, காதை மூடிட்டு, சரியாத் தட்டிடறேன். அந்தப் பொண்ணு வேலை நிலைச்சுடும்."

"வேண்டாம்," என்றாள் அண்ணி. "இன்னைக்கும் கேளுங்க."

"அப்ப வேலை போயிடுமே?"

"அண்ணி, இது உங்க வேலை இல்லை, அவளோடது. அதை வெச்சு ஏன் சூதாடறீங்க?" நாத்தனார் நிஜமாகவே கோபப்பட்டாள்.

"அவ நம்மகிட்ட கைதட்டு வாங்கித் தரச் சொல்லி வரலை. நல்லாப் பாடினோமான்னு கேட்டு வந்தா. ரெண்டும் வேற வேற. நீ உள்ள போய் அவகிட்ட ஒண்ணு மட்டும் சொல்லு. கடைசிப் பாட்டு முடிஞ்சதும் கூட்டத்தைப் பாக்க வேண்டாம். இரண்டாம் மேசையைப் பாக்கட்டும்."

அண்ணி மாடிக்குப் போய் முதலாளியை இரண்டாம் மேசைக்குக் கூட்டிவந்தாள். அவர் வருவதற்கு முன்பே அவருடைய அத்தர் வாசனை வந்து நாற்காலியில் உட்கார்ந்தது.

"நான் வழக்கமா என் அறையிலதான் இருப்பேன். கதவு மூடியிருந்தாலும் கைதட்டுற சத்தத்தை வெச்சே பாடகர் தரத்தைச் சொல்லிடுவேன்," என்றார் முதலாளி. "எங்க ரசிகர்கள் காது அப்படி. ஏமாத்த முடியாது."

"அந்தக் காதுகளைப் பக்கத்துல இருந்து பாக்கலாமேன்னுதான் கூப்பிட்டேன்," என்றாள் அண்ணி.

பாடகி மேடைக்கு வந்தாள். வழக்கமான பாட்டுகளுக்குப் பெரியவர் பல்பை எண்ணி, வழக்கமாகத் தட்டினார். கூடம் வழக்கமாக அதிர்ந்தது. முதலாளி ஒவ்வொரு தடவையும் தானே பாடியதுபோலத் தலையைக் குனிந்தார். பிறகு கடைசிப் பாட்டு. பெரியவர் சரவிளக்கிலிருந்து கண்ணை எடுத்து மேடையைப் பார்த்தார்.

அந்தப் பாட்டில் பெரிய சங்கதி எதுவும் கிடையாது. ஒருத்தி தட்டை மூடி வைக்கிறாள், சாவி திரும்பும் சத்தம் கேட்கிறது, கண்ணை மூடிக்கொள்கிறாள். அவ்வளவுதான். பட்டுக் கழுத்துத்துணிக்காரர் கோப்பையை உதட்டுக்குக் கொண்டுபோன கையை அங்கேயே மறந்தார். கூடம் முழுக்க ஐஸ் கரைந்து உள்ளே சரியும் சத்தம் மட்டும் மெல்லக் கேட்டது. நீல விளக்கு இறங்கியது.

பெரியவரின் முகம் வெள்ளைத் துண்டுக்குள் இருந்தது.

சத்தமில்லை. பாடகி நின்றாள். நாத்தனாரின் கைகள் தாமாகவே எழுந்தன. அண்ணி அவள் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

"பாருங்க," என்றாள் முதலாளியிடம், மெதுவாக.

முதலாளி திரும்பிப் பார்த்தார். கூடத்தில் இருந்த அத்தனை முகமும் இரண்டாம் மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தன. நனைந்த கண்ணோடு சிலர், வாய் பிளந்து சிலர், தட்டுவதற்குத் தயாராகக் கையைப் பாதி தூக்கியபடி பலர். மேடையை ஒருவரும் பார்க்கவில்லை. முதலாளி தன்னைத்தான் பார்க்கிறார்கள் என்று நினைத்துச் சட்டைக் காலரைச் சரிசெய்துகொண்டு புன்னகைத்தார்.

"உங்களை இல்லை," என்றாள் அண்ணி. "இவரை. உங்க மாமனார் வெச்ச ஆளு. இவரு தட்டினாத்தான் இவங்க தட்டுவாங்க. இவங்களுக்கு அந்தப் பாட்டு பிடிச்சுத்தான் இருக்கு. முந்தாநாளும் பிடிச்சிருந்துச்சு. பிடிச்சிருக்குன்னு சொல்ல யாராவது அனுமதி குடுக்கணும்னு உக்காந்திருக்காங்க. இதைத்தான் நீங்க தீர்ப்புன்னு சொல்லி அந்தப் பொண்ணை அனுப்பப் பாத்தீங்க."

முதலாளியின் புன்னகை அவர் முகத்திலேயே ஆறிப்போனது. இறங்கும் வழி தெரியாமல் கொஞ்ச நேரம் அங்கேயே நின்றது.

மேடையில் பாடகி கூட்டத்தைப் பார்க்கவில்லை. நாத்தனார் சொன்னபடி இரண்டாம் மேசையைப் பார்த்தாள். துண்டில் முகம் புதைத்து, தோள் குலுங்க உட்கார்ந்திருந்த ஒரே ஒரு கிழவரைப் பார்த்தாள். முந்தாநாள் கைதட்டை எங்கே தொலைத்தாளோ அங்கேயே அது கிடைத்துவிட்டது. அந்த மேசைக்கு மட்டும் தலை குனிந்தாள்.

அந்த நேரத்தில்தான் முதலாளியின் கழுத்தில் ஒரு கொசு உட்கார்ந்தது. அத்தர் வாசனைக்கு வந்ததோ என்னவோ. அவர் பளாரென்று அடித்தார்.

கூடம் வெடித்தது. நாற்காலிகள் பின்னால் சரிய எல்லோரும் எழுந்து நின்று தட்டினார்கள். பட்டுக் கழுத்துத்துணிக்காரர் கோப்பையைக் கீழே போட்டுவிட்டுத் தட்டினார்.

"ஒரே சாயங்காலத்துல ரெண்டு கொசுவுக்கு மரியாதை," என்றாள் நாத்தனார். "நம்ம வீட்டுல இதுங்களுக்கு இப்படி ஒரு சாவு கிடைக்காது அண்ணி."

முதலாளி தன் உள்ளங்கையைப் பார்த்தார். அதில் ஒரு சொட்டு ரத்தம். கூட்டத்தைப் பார்த்தார். கையைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார். ஆனாலும் அவர் அவர்தானே. பாடகி கீழே இறங்கி வந்ததும், தாராள மனசோடு தானமாகக் கொடுப்பதுபோல, "நாளையிலேர்ந்து தொடர்ந்து வரலாம்," என்றார்.

"வர்றேன்," என்றாள் பாடகி. "ஆனா நான் பாடும்போது இவரைத் தட்டச் சொல்லக் கூடாது."

பிறகு பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்தாள். "எந்த இடத்துல அழுகை வந்துச்சுய்யா?"

"அந்தத் தட்டு, மூடி வெச்ச இடம்."

"அது எங்கம்மா எங்கப்பாவுக்கு வெச்சது," என்றாள். "அவங்களும் தூங்கலை."

மறுநாள் காலை பாடகி போன் கம்பெனிக்கு மாட்டேன் என்று பதில் சொல்லிவிட்டாள். ஆனால் பதிவு செய்த பழைய குரலை அவர்கள் உடனே மாற்றவில்லை. நாத்தனார் ஒரு வேலையாகக் கூப்பிட்டபோது, 'தயவுசெய்து காத்திருக்கவும்' என்றது அது. வாழ்க்கையில் முதல் தடவையாக அவள் திட்டாமல் காத்திருந்தாள்.

அந்த அரங்கத்து ரசிகர்கள் திருந்தினார்களா என்று கேட்காதீர்கள். பாட்டு முடிந்ததும் கொஞ்ச நேரம் அசையாமல் இருப்பதுதான் உயர்ந்த ரசனை என்று அவர்களுக்குள் ஒரு பேச்சுக் கிளம்பிவிட்டது. இப்போது எல்லாருக்கும் அப்படித்தான் உட்காருகிறார்கள். பாவம், பியானோக்காரர்தான் ஒவ்வொரு நாளும் வேர்த்து ஒழுகுகிறார்.

சரி கண்ணுகளா, எழுந்திருங்கள். உங்கள் வீட்டில் சிரிப்பு வந்தால் யார் முகத்தையும் பார்க்காமல் சிரிக்கும் வாய் இருக்கட்டும். அழுகை வந்தால் துடைக்கத் துண்டும், பக்கத்தில் ஓர் ஆளும் இருக்கட்டும். நேரம் கழித்து வருகிறவருக்கு மூடி வைத்த தட்டு இருக்கட்டும். விழித்திருந்தவள் விழித்திருந்தேன் என்று சொல்லும் வீடாக அது இருக்கட்டும். கொசு மட்டும் வராமல் இருக்கட்டும்.